மணியின் மேல் ஒரு பெருக்கல் குறி

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் படுக்கைக்கு அருகே பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மானிட்டரின் திரையில் வரும் வாசகங்களையும் கூடவே வரும் கையேட்டையும் தமிழில் தர வேண்டும். அவ்வளவுதான். 2022ல் பெங்களூர் பீன்யாவில் இருந்த ஒரு சிறு நிறுவனம் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது. மொத்தம் 340 வாசகங்கள். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். பதினான்கு மாதங்கள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் நானும் அல்ல, தமிழும் அல்ல. அந்த நிறுவனத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிசைனுக்குத் தலைமை வகித்த பெண்மணி. சேலத்தில் பிறந்து, கோவையில் இன்ஜினியரிங் படித்து, இருபத்தைந்து வருடங்களாக பெங்களூரில் சர்க்யூட் போட்டுக்கொண்டிருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. அவருக்குக் கீழே ஏழு பேர். அவர்களுக்கு அவர் 'மேடம்'. எனக்கும்தான். நான் அவருக்கு 'சார்'. என் மேல் எரிச்சல் வந்தால் 'தமிழ் சார்'.

முதல் நாள் வாசகப் பட்டியலை என் முன் வைத்து இரண்டு வரிகளுக்கு அடியில் கோடு போட்டார். ஒன்று 'அசிஸ்டோல்', அதாவது இதயம் நின்றுவிட்டது. மற்றொன்று 'லீட் ஆஃப்', அதாவது மார்பில் ஒட்டிய லீட் கழன்றுவிட்டது. "ரெண்டுக்கும் திரையில ஒரே மாதிரி நேர்கோடுதான் வரும் சார். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

2019ல் என் அப்பா தென் மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் ஒன்பது நாட்கள் இருந்தார். வியர்க்கிற உடம்பு. மார்பில் ஒட்டிய ஸ்டிக்கர் மணிக்கு ஒருமுறை கழன்றுகொள்ளும். மானிட்டர் வீறிடும். நர்ஸ் ஓடிவந்து பார்ப்பார், ஒட்டிவிட்டுப் போவார். பத்துப் படுக்கைக்கு இரண்டு நர்ஸ்கள். மூன்றாம் நாள் ஓடி வருவது நடந்து வருவதாயிற்று. நான்காம் நாள் இரவு ஒவ்வொரு மானிட்டரின் மூலையிலும் ஒரு சின்னப் படம் தோன்றியிருந்ததைக் கவனித்தேன். ஒரு மணி. அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. அலாரம் ஒலியை அணைத்துவிட்டார்கள் என்று பொருள். வார்டு அமைதியாகிவிட்டது. அப்பா கூட நன்றாகத் தூங்கினார்.

அன்று விடியற்காலை பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்துபோனார். சொட்டு மருந்து பாட்டிலை மாற்ற வந்தபோதுதான் நர்ஸ் கவனித்தார். திரையில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்ததாம். ஒலி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒலி இல்லை. அந்த நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். நிர்வாகம் அவரைத்தான் விசாரித்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பொய்யாகக் கத்திய இயந்திரத்தை யாரும் விசாரிக்கவில்லை.

இதை மேடத்திடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

இதயத்தின் மின்துடிப்பு தோலுக்கு வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைப் பதிவு செய்ய ஹாலந்தின் வில்லம் ஐந்தோவன் 1901ல் உருவாக்கிய கருவி 270 கிலோ எடை இருந்தது. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர் நிரப்பிய பாத்திரங்களில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்தோவனுக்கு 1924ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கருவியின் வேலையைச் செய்யும் சிப் கைவிரல் நகத்தின் அளவுதான். ஆனால் பிரச்சினை மாறவில்லை. நோயாளியைச் சுற்றிச் சுவரெங்கும் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. டியூப்லைட், மின்விசிறி, ஏ.சி., எல்லாமே நொடிக்கு 50 முறை நோயாளியின் உடம்பில் தங்கள் நிழலைப் போடுகின்றன. அந்த இரைச்சல் இதயத்தின் சிணுங்கலை மூழ்கடித்துவிடும்.

அதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. ஐந்து கம்பி மானிட்டரில் வலது காலுக்கென்று ஒரு கம்பி உண்டு. இன்றைய கருவிகளில் அது இதயத்தை அளப்பதற்கானது அல்ல. மற்றக் கம்பிகள் எல்லாவற்றிலும் பொதுவாக வந்து சேரும் இரைச்சலைக் கருவி எடுத்து, தலைகீழாக்கி, அந்தக் கம்பி வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. இரைச்சலும் எதிர் இரைச்சலும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது இதயம். எம்.ஏ. வகுப்பில் முரண்தொடை நடத்தியபோதுகூட எனக்கு இவ்வளவு ஆச்சரியம் ஏற்பட்டதில்லை.

சரி, லீட் கழன்றதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி ஒவ்வொரு லீட் வழியாகவும் சில நானோ ஆம்பியர் மின்சாரத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. உடம்பு அதை உணராது. லீட் ஒட்டியிருந்தால் அது தோல் வழியாகப் போய்விடும். கழன்றிருந்தால் போக வழியின்றி மின்னழுத்தம் ஏறும். உடனே கருவிக்குத் தெரிந்துவிடும்: நின்றது இதயம் அல்ல, கழன்றது லீட். "இருட்டுல பக்கத்துல படுத்திருக்கிற குழந்தையைக் கையால தொட்டுத் தொட்டுப் பார்த்துக்குவோம் இல்ல, அந்த மாதிரி" என்றார் மேடம்.

இந்தத் தந்திரங்கள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. பாடப்புத்தகத்தில் இருப்பவை. அவருடைய வேலை வேறு. தோல் வறண்டிருந்தால்? எண்ணெய் தேய்த்த உடம்பாக இருந்தால்? ஸ்டிக்கர் பாதி கழன்று பாதி ஒட்டியிருந்தால்? வார்டில் ஜெனரேட்டர் ஓடினால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் பதிவு. அவருடைய ஏழு பேரும் ஜூன் மாதம் முழுவதும் ஒருவர் மார்பில் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டி, மாடிப்படி ஏறி இறங்கி வியர்த்துக்கொண்டிருந்தார்கள். டிசைன் தலைமை என்றால் மூளையைக் கசக்கிப் புதிது புனைவது என்றே நினைத்திருந்தேன். 'இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொரு ரெசிஸ்டரையும் பார்த்துச் சலிக்காமல் கேட்பதுதான் அதில் பெரும் பகுதி என்பது அங்கே தெரிந்தது.

என் வேலைக்கு ஆலோசகர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் அக்கா ஓர் அரசு தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தினம் இரவு போன் செய்து பத்து வாசகங்களைப் படித்துக் காட்டுவேன். 'மின்முனை இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது' என்பது அகராதி தரும் தமிழ். "ராத்திரி மூணு மணிக்கு அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்டா தம்பி" என்றாள் அக்கா. 'லீட் கழன்றது: இடது கை' என்பது அவள் சொன்னது. எந்த லீட் என்று கருவிக்குத் தெரியுமா என்று மேடத்திடம் கேட்டேன். "தெரியும். இதுவரைக்கும் யாரும் கேட்கலை" என்றார். மறுநாள் அது திரைக்கு வந்தது.

மணியும் பெருக்கல் குறியும் வந்தபோது வேலை நின்றுவிட்டது. சர்வதேச முறைப்படி அதில் இரண்டு வகை உண்டு. பெருக்கல் குறி முழுக்கோடாக இருந்தால் ஒலி அணைக்கப்பட்டுவிட்டது, யாராவது மீண்டும் போடும்வரை வராது. விட்டுவிட்டு இழுத்த புள்ளிக்கோடாக இருந்தால் தற்காலிக நிறுத்தம், சிறிது நேரத்தில் தானே திரும்பி வரும். எட்டடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சொல்லில் வேறுபடுத்தலாமா? 'ஒலி நிறுத்தம்', 'ஒலி இடைநிறுத்தம்', 'ஒலி அணைப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா சொன்னாள்: "நிறுத்தமோ இடைநிறுத்தமோ, எப்போ திரும்பக் கத்தும்னு சொல்லு. அதுதான் எனக்கு வேணும்."

அதை மேடத்திடம் சொன்னேன். திரையில் 120லிருந்து ஒவ்வொரு நொடியாகக் குறைந்துவரும் எண் அப்படித்தான் வந்தது. இரண்டு நிமிடம் ஆனதும் ஒலி தானாகத் திரும்பும். நிரந்தரமாக அணைப்பதற்குப் பொறுப்பு அதிகாரியின் கடவுச்சொல் தேவை என்று ஆக்கினார். "இருபத்திரண்டு வயசுப் பொண்ணு கையில அந்தச் சுவிட்சைக் கொடுக்கறது, நம்ம பொறுப்பை அவ தலையில கட்டறது மாதிரி சார்" என்றார்.

புரியாத வாசகம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 'தெராக்-25' என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். முந்தைய மாடலில் ஆபத்தான நிலை ஏற்பட்டால் கருவியை நிறுத்துவதற்குத் தனி மின்சுற்று இருந்தது. புதிய மாடலில் அதை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரையே நம்பினார்கள். சாஃப்ட்வேரில் பிழை இருந்தது. 1986ல் டெக்சாஸின் டைலர் நகரில் கருவியை இயக்கியவர் திரையில் பார்த்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரியை. அதன் பொருள் கையேட்டில் விளக்கப்படவில்லை. அந்தக் கருவி நாளெல்லாம் இப்படி ஏதாவது எண்ணைச் சொல்லும். 'தொடர்க' என்பதற்கான விசையை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பது வழக்கம். அன்றும் அழுத்தினார். மேடம் இதை ஒவ்வொரு புதிய இன்ஜினியருக்கும் முதல் வாரத்தில் சொல்வாராம். எனக்கும் சொன்னார்.

இனி அந்தப் பதினான்கு மாதக் கதைக்கு வருகிறேன்.

நோயாளியின் உடம்பைத் தொடும் சர்க்யூட்டை மானிட்டருக்குள் ஒரு தீவு போல வைக்கிறார்கள். சுவர் மின்சாரம் ஒரு பக்கம், நோயாளி மறுபக்கம். நடுவே போர்டில் செம்பு இல்லாத 8 மில்லிமீட்டர் வெற்றுப் பட்டை. அதற்கு 'அகழி' என்று நான் பெயர் வைத்தேன்; ஆய்வகத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அகழியைத் தாண்டி மின்சக்தி சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் காந்தமாகப் போகிறது. ஆனால் எந்த அகழியும் முழுசாகக் காய்ந்திருக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே கொஞ்சம் மின்சாரம் கசியும். 230 வோல்ட்டில் சுமார் 140 பிக்கோஃபாரட் இருந்தாலே 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்துவிடும். இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவிக்கு ஐ.இ.சி. 60601 என்ற சர்வதேசத் தரம் அனுமதிக்கும் கசிவு அந்த 10 மைக்ரோ ஆம்பியர்தான். ஏதாவது ஒரு கோளாறு ஏற்பட்ட நிலையில் மட்டும் 50 வரை போகலாம்.

நம் தோலில் சுமார் 1000 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தால்தான் சுருக்கென்று தெரியும். பிறகு எதற்கு 10? ஐ.சி.யு. நோயாளிக்குச் சில சமயம் இதயத்துக்குள்ளேயே கம்பி செருகியிருப்பார்கள். தோல் என்ற காவல் அங்கே இல்லை. நூறு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைத்துவிடலாம்.

சோதனைக்கூட முடிவு வந்தது. சாதாரண நிலையில் 6. எர்த் கம்பியைக் கழற்றிய நிலையில் 14. தரத்தின்படி எர்த் அறுந்துபோவது ஒரு கோளாறு. 50 வரை பரவாயில்லை. ஆகவே கருவி பாஸ். மேலாளர் ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்தார். மேடம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "சட்டப்படி சரியா இருக்கே, 14 எங்கே, 50 எங்கே?" என்றார் மேலாளர். மேடம் நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு கோளாறுதான் வரும், அது வந்ததும் கவனித்துச் சரிசெய்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட தரம் அது. "நம்ம ஊர்ல எர்த் இல்லாதது கோளாறா சார்? எத்தனை ஆஸ்பத்திரியில மூணாவது பின்னை ஒடிச்சிட்டு ரெண்டு பின் பிளக்ல செருகியிருக்காங்க? பெட்டியைப் பிரிச்ச முதல் நாளே அந்த ஒரு கோளாறு நடந்து முடிஞ்சிருக்கும். அப்புறம் வர்றது ரெண்டாவது கோளாறு. நம்ம பேப்பர்ல மட்டும் அது முதல்." எர்த் இல்லாமலே 10க்குள் வர வேண்டும் என்பது அவர் போட்ட கோடு. தவிர, அதே படுக்கையில் வென்டிலேட்டர் இருக்கும், மருந்து ஏற்றும் பம்ப் இருக்கும். எல்லாக் கசிவும் போய்ச் சேருவது ஒரே உடம்பில்.

நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. அதற்குள் ஒரு டெண்டரின் கடைசித் தேதி கடந்தது. அறுபது மானிட்டருக்கான ஆர்டர். அந்த வருடம் யாருக்கும் இன்கிரிமென்ட் இல்லை. ஏழு பேரில் இருவர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா என் வீட்டு லோனுக்கு அது தெரியாதே சார்." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறுபது படுக்கைகளின் நினைப்பும் எனக்கு இருந்தது. வராத மானிட்டர் கசியாது, அலாரமும் அடிக்காது. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு, அதையும் நோயாளிதான் கொடுக்கிறார். இதை மேடத்திடமே கேட்டேன். "தெரியும் சார். அந்தக் கணக்கைப் போடாம ஒரு ராத்திரியும் தூங்கலை. ஆனா அந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லாரும் எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கறாங்க" என்றார்.

டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளைத் தள்ளித்தள்ளிச் சுற்றி, போர்டை மறுபடி வரைந்தார்கள். எர்த் இல்லாமல் 7 மைக்ரோ ஆம்பியர். 2023 இறுதியில் மானிட்டர் விற்பனைக்கு வந்தது. ஸ்வீட் பாக்ஸ் இம்முறை மேடம் வாங்கினார்.

நம் நாட்டில் இதற்கான சட்டக் கட்டமைப்பே புதிது. மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017ல் வந்து 2018 ஜனவரியில் அமலாயின. 2020 ஏப்ரலிலிருந்துதான் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஆபத்து குறைந்த ஏ, பி பிரிவுகளுக்கு 2022 அக்டோபர் முதலும் ஆபத்து கூடிய சி, டி பிரிவுகளுக்கு 2023 அக்டோபர் முதலும் லைசென்ஸ் கட்டாயமாயிற்று. நல்லதுதான். ஆனால் எந்த விதியிலும் 14ஐ மறுக்கச் சொல்லி எழுதியிருக்காது. அந்த இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

கடைசி வாரத்தில் கையேட்டைச் சரிபார்க்கும்போது, 'எர்த் சரியாக உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளவும்' என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டாலே நான்கு மாதம் மிச்சமாகியிருக்குமே என்று மேலாளர் வருத்தப்பட்டார். மேடம் ஐ.எஸ்.ஓ. 14971 என்ற தரத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆபத்தைக் குறைக்க மூன்று வழிகள், அந்த வரிசையிலேயே கையாள வேண்டும். முதலில், ஆபத்தே எழாதபடி டிசைன் செய்வது. அது முடியாவிட்டால், கருவிக்குள் தடுப்பு வைப்பது. அதுவும் போதாவிட்டால்தான் எச்சரிக்கை வாசகம்.

என் தொழில் அந்த வரிசையில் மூன்றாவது. சொற்களை நம்பிப் பிழைப்பவனுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்திதான். ஆனால் வார்டில் நின்று பார்த்தவன் என்பதால் அந்த வரிசை சரி என்றே எனக்குப் படுகிறது. 340 வாசகங்களில் முடிவாக மிஞ்சியவை 288. மீதி 52ம் டிசைன் மாறியதால் தேவையற்றுப் போனவை. எச்சரிக்க வேண்டிய ஆபத்து இல்லாமல் போனால் எச்சரிக்கை எதற்கு? எனக்கு வாசகக் கணக்கில்தான் கூலி. 52 வாசகத்துக்கான பணத்தைக் கழித்துக்கொண்டுதான் பில் அனுப்பினேன். அக்காவிடம் சொன்னபோது, "இன்னும் நூறு வாசகத்தைக் குறைக்கச் சொல்லு" என்றாள்.